ஒரு சுளை டுரியானும் நான் படிக்காத பதிவுகளும்

சனிக்கிழமை மதியம். ஜார்ஜ்டவுனில் எங்கள் டயாலிசிஸ் சென்டரில் இரண்டாவது ஷிப்ட் நோயாளிகளை மெஷினில் இணைத்துவிட்டுத் தேநீர் குடிக்க உட்கார்ந்தேன். கைப்பேசியைத் திறந்தால், சிறுநீரக நோயாளிகளின் இணையக் குழுவில் எனக்கு ஒரு கேள்வி. இங்கே நர்ஸை எல்லோரும் 'மிஸி' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"மிஸி, நீங்க சொன்னீங்கன்னு வீட்டுக்காரருக்குக் காலையிலே டுரியான் குடுத்தேன். நாலு சுளை. இப்போ காலைத் தூக்க முடியலைன்றாரு. படுத்தா சரியாயிடுமா?"

டுரியான் பழத்தில் பொட்டாசியம் அதிகம். கிட்னி வேலை செய்யாதவர் உடம்பில் அது ஏறினால் கால் தளரும், பிறகு இதயமே நின்றுவிடலாம். கேள்வி வந்து இருபது நிமிடம் ஆகியிருந்தது.

நான் அந்தக் குழுவில் சேர்ந்து இரண்டு நாள்தான். முப்பது வருட ஸ்டாஃப் நர்ஸ் என்ற கெத்து வேறு. சேர்ந்த அன்றே, டுரியான் சாப்பிடலாமா என்று யாரோ கேட்டதற்கு, "சீசன்ல ஒரு சுளைகூட சாப்பிடாம எப்படிலா? கொஞ்சம் சாப்பிடுங்க" என்று எழுதிவிட்டேன். அறுபது பேர் லைக் போட்டார்கள், எனக்கும் உச்சி குளிர்ந்துபோனது. என் சென்டரில் நான் அப்படித்தான் பேசுவேன். அங்கே எல்லோரும் மெஷினில் இருப்பவர்கள், பொட்டாசியம் கொஞ்சம் ஏறினாலும் மெஷின் இறக்கிவிடும். யாருடைய ரத்த ரிப்போர்ட் எப்படி, யாரை அதட்ட வேண்டும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. இந்தக் குழுவில் யார் இருக்கிறார்கள் என்று ஒரு பதிவையாவது படித்துப் பார்த்தேனா? இல்லை.

உடனே 999க்குப் போன் போட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், காத்திருக்காதீர்கள் என்று எழுதினேன். பதில் இல்லை. பெயர் இருக்கும் இடத்தில் 'அம்மன் துணை', படத்தில் ஒரு செம்பருத்திப் பூ. ஊரும் இல்லை, போன் நம்பரும் இல்லை. ஆம்புலன்ஸை நான் எந்த வீட்டுக்கு அனுப்புவது?

அவருடைய பழைய பதிவுகளைத் தேடினேன். சேர்ந்த அன்றே படித்திருக்க வேண்டியவை. மூன்று வாரத்துக்கு முன்பு எழுதியிருந்தார்: வீட்டுக்காரருக்குக் கிட்னி கெட்டுவிட்டது, இன்னும் டயாலிசிஸ் ஆரம்பிக்கவில்லை, சுங்கை பாக்காப்பில் இருக்கிறோம், பயமாக இருக்கிறது. மெஷினையே பார்க்காத மனுஷன்! அதன் கீழே பக்கத்து ஊரான சிம்பாங் அம்பாட்டிலிருந்து லெட்சுமி என்பவர், தன் அப்பாவுக்கும் இதே நிலைதான், எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுங்கள் என்று ஆறுதல் சொல்லியிருந்தார்.

லெட்சுமிக்குத் தனியாகச் செய்தி அனுப்பி என் நம்பரையும் கொடுத்தேன். உடனே கூப்பிட்டார். அவர்கள் இருவரும் பேசிப் பழகியிருந்தார்கள், வீடும் தெரியும் என்றார். ஐந்து நிமிடத்தில் மறுபடியும் அழைப்பு.

"ஆம்புலன்ஸுக்கு அட்ரஸ் குடுத்துட்டேன் மிஸி. நானும் கெளம்பிட்டேன்."

அதன் பிறகு மெஷின்களுக்கு நடுவே நடந்துகொண்டே இருந்தேன். பிரஷர் எழுத வேண்டிய கட்டத்தில் பல்ஸை எழுதி, அடித்துத் திருத்தினேன். நாலு மணிக்கு லெட்சுமி கூப்பிட்டார். இசிஜி மோசமாக இருந்ததாம். மருந்து ஏற்றி, அவசரமாக டயாலிசிஸ் போட்டு, ஆளைக் காப்பாற்றிவிட்டார்கள். நான் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

திங்கட்கிழமை அந்த 'அம்மன் துணை' அக்காவிடம் போனில் மன்னிப்புக் கேட்டேன். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். அவர் திட்டவில்லை.

"நான்தானே மிஸி அவருக்கு ஆக்கிப் போடறேன். எது குடுத்தாலும் பயம். நீங்க நர்ஸுன்னு போட்டிருந்துச்சு. அன்னைக்கு மட்டும்தான் பயமில்லாம குடுத்தேன்."

அந்தக் குழுவில் பாதிப் பேர் நோயாளிகளே இல்லை, அவர்களுக்குச் சோறு போடுகிறவர்கள். இது எனக்குத் தெரிய ஓர் உயிர் ஊசலாட வேண்டியிருந்தது. என் பழைய பதிலின் மேலேயே, இது தவறு, எழுதியது நான்தான் என்று சேர்த்தேன்.

இளம் நர்ஸுகளுக்குச் சொல்கிறேன். எந்தக் குழுவில் சேர்ந்தாலும் முதல் ஒரு வாரம் வாயை மூடிக்கொண்டு படியுங்கள். இப்போதெல்லாம் யாராவது சாப்பிடலாமா என்று கேட்டால், சாப்பிடப் போவது யார் என்று முதலில் கேட்கிறேன்.