மேகத்துக்கு வெளியே ஓர் ஆடி

டாக்டரம்மா காலமான செய்தி வந்தபோது நான் நீதிமன்றத்தில் ஒரு சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்துகொண்டிருந்தேன். குமாஸ்தா காதருகே வந்து சொன்னார். "வேறு கேள்வி இல்லை" என்று உட்கார்ந்துவிட்டேன். தென்காசியில் அவர்களிடம் வைத்தியம் பார்த்துக்கொண்டு, இன்று இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்களுக்கு அவர்களைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் சாட்சிக் கூண்டில் நின்ற ஒரு நாளை மட்டும் சொல்கிறேன்.

எழுபதுகளின் இறுதி. கடையத்துக்காரர் ஒருவர், மனைவிக்குத் தீராத மனநோய் என்று விவாகரத்து கேட்டிருந்தார். நான் மனைவிக்காக ஆஜரானேன். ஆண்டுதோறும் ஆனியில் வானம் மூடிச் சாரல் தொடங்கியதும் அந்த அம்மாள் பேச்சை நிறுத்தி, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிடுவார். அதை நாங்களும் மறுக்கவில்லை. சித்தம் கலங்கியவர்களைக் குற்றாலத்து அருவியில் நிறுத்துவது நம் பக்கத்து வழக்கம். அவரையும் ஒவ்வோர் ஆடியிலும் நிறுத்தினார்கள். ஒவ்வோர் ஆடியிலும் நிலைமை மோசமானது.

"தண்ணி மேல குத்தமில்ல. மேகத்துக்குக் கீழயே கொண்டு போயி நிறுத்துதாங்க," என்றார்கள், எங்கள் தரப்புச் சாட்சியாக வந்த டாக்டரம்மா. "வெளிச்சம் கொறைஞ்சா சில பேருக்கு ஒடம்புச் சுரப்பு தடம் மாறிரும். புலியக் கண்டு பயந்தா சுரக்க வேண்டியது, இந்தப் பிள்ளைக்குச் சும்மா படுத்திருக்கையிலயே சுரக்குன்னு நெனைக்கேன்."

எதிர்த்தரப்பு வக்கீல் சிரித்தார். "அப்போ வெயிலுதான் மருந்தா? சீட்டுல எழுதிக் குடுப்பியளா?"

"பஸ்ஸுக்குத்தான் சீட்டு வேணும். விளாத்திகுளத்துல அவ அக்கா வீடு இருக்கு. அங்கன இப்ப வெயிலு மண்டையப் பொளக்கு."

"நிச்சயமாக் கொணமாகும்னு சொல்ல முடியுமா?"

"தெரியாது. ஆனா ஒரு ஆடிய மேகத்துக்கு வெளிய வச்சுப் பாக்காம, தீராதுன்னு நீங்களும் சொல்ல முடியாது, அண்ணாச்சி."

தன் அறிவின் எல்லையை இத்தனை துல்லியமாக வரையறுத்த சாட்சியை நான் அதற்கு முன் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. நீதிபதி வழக்கைப் புரட்டாசிக்குத் தள்ளிவைத்தார்; அந்த அம்மாளை அக்கா வீட்டுக்கு பஸ் ஏற்றிவிட்டோம்.

ஆடிக் கடைசியில் கணவர் விளாத்திகுளம் போயிருக்கிறார். மனைவி மொட்டை வெயிலில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தாராம். "எதுக்கு மரம் மாதிரி நிக்கிய? அந்தப் பக்கத்தக் கிளறி விடுங்க," என்று ஓர் அதட்டல். மனுவைத் திரும்பப் பெற்ற அன்று, நீதிமன்றத் தாழ்வாரத்தில் அவர் என்னிடம் சொன்னார்: "ஆடி மாசத்துல அவ என்னைய ஏசி இப்பத்தான் கேக்கேன், வக்கீலய்யா." அவர் கண் கலங்கியிருந்தது.

எல்லாத் துயரமும் வெயிலில் காய்ந்துவிடும் என்று டாக்டரம்மா ஒருபோதும் சொன்னதில்லை. பலருக்கு மாத்திரைதான் கொடுத்தார்கள். ஆயினும், ஊரே கொண்டாடும் ஒரு பருவம் ஒருவரை மட்டும் மூழ்கடிக்கக்கூடும் என்று அவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்பதை நினைத்து இன்றும் வியக்கிறேன்.

அவர்களிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒரு பழக்கம். சாரல் நாட்களில் என்னைத் தேடி வருபவர்களின் முகத்தை முதலில் பார்க்கிறேன். வாடிய முகமென்றால் சன்னலோர நாற்காலியில் உட்காரச் சொல்கிறேன். வழக்கைப் பிறகுதான் கேட்கிறேன்.