திரும்பாத நட்டு

திருப்பு விசைக்கும் ஆற்றலுக்கும் ஒரே அலகா என்று பதினொன்றாம் வகுப்புத் தேர்வில் கேட்டிருந்தேன். இரண்டுமே நியூட்டன் மீட்டர்தானே, ஒன்றுதான் என்பது என் முடிவு. ஒரு மாணவி மட்டும், திருப்பு விசையை ஆற்றலின் அலகான ஜூலில் சொல்லக் கூடாது என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையால் அடித்தேன்.

"திருப்புனாலும் திரும்பாம இருக்கலாம்ல மிஸ்?" என்று விடைத்தாளை வாங்கியதும் கேட்டாள். எதிர்த்துப் பேசாதே என்று எரிந்து விழுந்தேன்.

அன்று மாலை எண்ணூர் சாலையில் நான் வந்த ஆட்டோ பஞ்சரானது. சக்கரத்து நட்டு உப்புக்காற்றில் துருவேறி இறுகிக் கிடந்தது. ஓட்டுநர் ஸ்பேனரை மாட்டி, "டீச்சர், கொஞ்சம் இது மேல ஏறி நில்லு" என்றார். துறைமுகத்துக்கு வரிசையில் நின்ற கன்டெய்னர் லாரிக்காரர்கள் எல்லோரும் பார்க்க, புடவையைச் செருகிக்கொண்டு ஏறினேன்.

"இம்மா நேரம் நின்னுகினு கீற, அசையவே இல்லியே!" என்று சிரித்தார்.

எனக்குச் சுருக்கென்றது. என் எடையும் ஸ்பேனரின் நீளமும் சேர்ந்து திருப்பு விசை முழுதாக இருந்தது. ஆனால் நட்டு திரும்பாதவரை அதற்கு ஒரு ஜூல்கூடப் போகவில்லை. இரண்டிலும் விசையை மீட்டரால்தான் பெருக்குகிறோம். ஒன்றில் அந்த மீட்டர் ஸ்பேனரின் நீளம், மற்றதில் நகர்ந்த தூரம். இத்தனை வருடமாக இரண்டும் ஒன்று என்றா பாடம் நடத்தினேன்!

மறுநாள் வகுப்பின் முன்னாலேயே தப்பு என்னுடையது என்று சொல்லி, நட்டுக் கதையையும் சொல்லி, மதிப்பெண்ணைத் திருத்திக் கொடுத்தேன். அவள் அதைப் பார்க்கவே இல்லை.

"கடைசில நட்டு கழண்டுச்சா மிஸ்?"

"கழண்டுச்சு. அப்பதான் முதல் ஜூல்."