எட்டேகாலுக்கு வரும் போன்

ஒயரைப் பிடுங்குவதற்கு முன் அவர் ஒரு நொடி கண்ணை மூடிக்கொள்வார். உதடு மட்டும் அசையும். "யாருக்கும் கெடுதல் வந்துரக் கூடாது, ஆண்டவனே." பிறகு மெஷினின் பின்பக்கம் கையை விட்டு, சின்னக் கொக்கியைக் கட்டை விரலால் அமுக்கி, குழந்தையின் ஆடும் பல்லை எடுப்பதுபோல நோகாமல் இழுப்பார். இழுத்ததை அப்படியே தொங்கவிட மாட்டார். சட்டைப் பையில் அட்டைத் துண்டுகள் தயாராக இருக்கும். ஒன்றை எடுத்து, தேதியும் மெஷின் எண்ணும் எழுதி, நூலால் ஒயரின் கழுத்தில் கட்டுவார். கட்டிவிட்டுப் போய் போன் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார்.

அவர் வேலையே இதுதான். கம்பெனி பெரியது. மூன்று தொழிற்சாலை, பதினாறு கிடங்கு. எந்தச் சரக்கு எங்கே இருக்கிறது, யார் வேலைக்கு வந்தார், எந்த லாரி எங்கே போகிறது என்ற விவரமெல்லாம் இருபது வருஷமாக ஆறாம் மாடியில் ஒரு குளிர் அறையில், இருநூற்றுப் பன்னிரண்டு கம்ப்யூட்டர் மெஷின்களில் இருந்தன. இப்போது எல்லாவற்றையும் கிளவுடுக்கு மாற்றுகிறார்கள். பேர்தான் வானத்தில் இருப்பது போல. உண்மையில் வேறொரு கம்பெனி, எங்கேயோ கட்டி வைத்திருக்கும் பெரிய கட்டடங்களில் இருக்கிற மெஷின்கள்தான் அவையும். வீட்டுக்கு வீடு கிணறு வெட்டாமல் பொதுக் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொள்வது மாதிரி. அவருக்கு அதில் வருத்தம் கிடையாது. "நல்லதுதாங்க. இதுங்களக் கட்டி மேய்ச்சது போதும்" என்பார்.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. பாதி மெஷின் யாருடையது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. கொண்டு வந்து வைத்தவர் ஓய்வு பெற்றுப் போயிருப்பார். அவர் இடத்துக்கு வந்தவர் வேறு வேலைக்குப் போயிருப்பார். "எண் நூற்று நாற்பது, ஜன்னலோரம் இருக்கும் பழைய பெட்டி, உங்கள் துறையுடையதா?" என்று எல்லாருக்கும் எழுதிக் கேட்பார். பதில் வராது. அப்புறம் ஒரே வழிதான். ஒயரைப் பிடுங்கிவிட்டுக் காத்திருக்க வேண்டும். யாருக்குத் தேவையோ அவர் போன் போட்டுக் கத்துவார். கத்தினால் திரும்பச் சொருகிவிட்டு, அவர் வேலையைப் புது இடத்துக்கு மாற்றிக் கொடுப்பது. இரண்டு வாரம் யாரும் கத்தவில்லை என்றால் அது யாருக்கும் வேண்டாத மெஷின். மொத்தமாக அணைத்துவிடலாம்.

பக்கத்து அறைப் பிள்ளைகள் அவருக்குப் "பிடுங்கி" என்று பேர் வைத்திருந்தார்கள்.

"பிடுங்கி சார் வந்துட்டாரா?"

"வராம எங்க போவாரு? இன்னிக்கு எவன் கழுத்துல அட்டை தொங்கப் போகுதோ."

சுவர் பலகைச் சுவர். எல்லாம் காதில் விழும். அவர் முழங்கையில் தையல் போட்ட ஸ்வெட்டரை இழுத்து விட்டுக்கொண்டு அடுத்த அட்டையைக் கத்தரிப்பார்.

வீட்டிலும் தனியாள்தான். மகளின் பிரசவத்துக்கு ஆறு மாசம் என்று சொல்லி விமானம் ஏறிய மனைவி, முதல் பேரன், அடுத்தது பேத்தி என்று அங்கேயே தங்கி நாலு வருஷம் ஆகிறது. கோபதாபம் ஒன்றும் இல்லை. அங்கே ஆள் வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை போனில் பேரன் நெற்றியை மட்டும் காட்டிவிட்டு ஓடிவிடுவான். பிறகு மனைவி வருவார்.

"சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு."

"வேற?"

"வேற ஒண்ணுமில்ல. நீ சொல்லு."

"இங்க என்ன இருக்கு சொல்ல. சரி, வச்சிரட்டுமா?"

காலையில் வீட்டைப் பூட்டும்போது அவர் ரேடியோவை அணைப்பதில்லை. சாயங்காலம் கதவைத் திறந்தால் உள்ளே யாரோ பேசிக்கொண்டிருப்பார்கள்.

நூற்று நாற்பதாம் எண் ஒயரை அவர் பிடுங்கியது ஒரு திங்கட்கிழமை காலை எட்டு பத்துக்கு. அட்டையில் நூல் கோத்துக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. அந்த போன் அப்படி உடனே அடித்து அவர் பார்த்ததில்லை.

"யாருங்க அங்க? எனக்குச் சீட்டு வரல. வெளிய நாலு லாரி நிக்குது."

ஒரு நாள் பயண தூரத்தில் இருக்கும் கிடங்கு அது. அங்கே எடைமேடையில் இருக்கும் பெண் பேசினாள். லாரி மேடையில் ஏறி நின்றால் எடை போட்டுச் சீட்டு வரும். சீட்டு வந்தால்தான் கேட் திறக்கும். அந்தச் சீட்டு இத்தனை வருஷமும் நூற்று நாற்பதிலிருந்துதான் போய்க்கொண்டிருந்தது.

"நாந்தாம்மா ஒயரப் பிடுங்கினேன்."

"ஏண்ணே, வேற வேல இல்லையா உங்களுக்கு?"

"இதாம்மா வேல."

அந்தப் பக்கம் சிரிப்பு கேட்டது. அவரும் சிரித்தார். ஒயரைத் திரும்பச் சொருகினார்.

ஆனால் ஒருமுறை பிடுங்கிச் சொருகியது அந்தக் கிழட்டு மெஷினுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. தினமும் விடிந்தால் சீட்டுக் கொடுக்காமல் நின்றுவிடும். எட்டேகாலுக்கு போன் வரும். "அண்ணே, உங்காளு தூங்குறான். தட்டி எழுப்புங்க." எழுப்ப இரண்டு நிமிஷம் ஆகும். அந்த இரண்டு நிமிஷமும் அவள் பேசிக்கொண்டே இருப்பாள். மகளுக்கு முன்பல் விழுந்தது, ஒரு டிரைவர் பக்கத்து சீட்டில் ஆட்டுக்குட்டியை உட்கார வைத்துக் கொண்டுவந்தது, மேடையில் ஏறி நின்று தன் எடையைப் பார்க்கப் போய் அது பூஜ்யம் காட்டியது. "லாரி நின்னாத்தான் காட்டுமாம்ணே. நம்மளல்லாம் ஒரு பொருட்டாவே எடுத்துக்கல." அவர் பதிலுக்குப் பெரிதாக ஒன்றும் சொல்ல மாட்டார். ஆனால் காலையில் தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரிக்கொண்டு வர ஆரம்பித்தார்.

ஒரு தடவை காய்ச்சலில் இரண்டு நாள் படுத்துவிட்டார். அந்த இரண்டு நாளும் கிடங்கில் அதிகாரியைக் கூப்பிட்டுக் கையால் சீட்டு எழுதிச் சமாளித்தார்களாம். திரும்பி வந்தபோது, "நேத்து நீங்க வரலையா சார்?" என்று பக்கத்து அறையில் ஒரு பையன் ஆச்சரியமாகக் கேட்டான். மேஜை போனில் அவர் எடுக்காத அழைப்புகள் மூன்று இருந்தன. மூன்றும் எடைமேடையிலிருந்து.

கை கழுவப் போனால்கூட, தரை துடைக்கும் அம்மாளிடம் சொல்லிவிட்டுத்தான் போவார். "போன் அடிச்சா எடுத்துப் பேசும்மா, இதோ வந்துடறேன்."

"எட்டேகாலத் தவிர அது என்னிக்கு சார் அடிச்சிருக்கு? நீங்க நிம்மதியாப் போய்ட்டு வாங்க."

இப்படியே ஒவ்வொன்றாக அட்டை கட்டி, அணைத்து, அறை காலியானது. இருநூற்றுப் பதினோரு மெஷின் போய்விட்டது. பெரிய குளிர்சாதனம் ஒரே ஒரு மெஷினுக்காக ஓடிக்கொண்டிருந்தது. எடைச்சீட்டு வேலையைப் புது இடத்தில் தயார் செய்து, இரண்டு தடவை ஓட்டிப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று அவர் தெரிந்துகொண்டு மூன்று வாரம் ஆகியிருந்தது. மாற்றுவது அரை மணி நேர வேலை. பதிவேட்டில் நூற்று நாற்பதுக்கு நேராக "சோதனையில் உள்ளது" என்று எழுதியிருந்தார். மகள் வயசுள்ள மேலாளர் அம்மாள் இரண்டு தடவை வந்து கேட்டுவிட்டாள்.

"இது ஒண்ணுதானே சார் பாக்கி? என்ன பிரச்சன?"

"இன்னும் கொஞ்சம் பாத்துக்கிறேம்மா."

அவர் பொய் சொல்லிப் பழகாதவர். அவள் போன பிறகும் காது சூடாக இருந்தது. மெஷின் தூங்குவதை நிறுத்திவிட்டால் அந்த போன் எதற்காக அடிக்கும் என்பதை அவர் யாரிடம் சொல்வது?

ஒரு புதன்கிழமை எட்டேகாலுக்கு அவள் குரல் கம்மியிருந்தது. தூங்குறான் எழுப்புங்க என்ற பேச்சு இல்லை.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்லண்ணே. எழுப்புங்க."

"சொல்லும்மா."

"கிடங்க ஏழு மணிக்கே தொறந்துடறாங்க. நீங்க எட்டுக்கு மேலதான வருவீங்க? அதுவர லாரி வந்து ரோடு வரைக்கும் நிக்குது. டிரைவருங்க வாயில நாந்தான் விழறேன். இன்னிக்குப் பாத்துக்க ஆளில்லன்னு பொண்ணக் கூட்டிட்டு வந்தேன். அவ முன்னாடியே ஒருத்தன் அசிங்கமாப் பேசிட்டான். பெத்த புள்ள கேட்டுக்கிட்டு நிக்குது."

"தினமும் இப்படியா? முன்னாடியே சொல்லிருக்கலாமேம்மா."

"என்னத்தச் சொல்றது. மெஷினுக்கு வயசாச்சு, நீங்க என்ன பண்ணுவீங்க? மாத்த முடிஞ்சா நீங்க மாத்திருக்க மாட்டீங்களா?"

அவர் மெஷினை எழுப்பினார். சீட்டு வந்துவிட்டது என்றாள். அவர் போனை வைக்கவில்லை.

"நாளையிலருந்து அது தூங்காதும்மா. புதுசுக்கு மாத்திடறேன்."

"நெசமாவா? அப்ப உங்களக் கூப்பிட வேணாமா?"

"வேணாம்மா. வேல இருக்காது."

"அப்பாடா. உங்களுக்கும் ஒரு தொல்ல விட்டுச்சுண்ணே. நல்லா இருப்பீங்க." பின்னால் ஒரு லாரி ஹார்ன் அடித்தது. "வரேண்ணே."

அன்று சாயங்காலம் கிடங்கு மூடிய பிறகு வேலையைப் புது இடத்துக்கு மாற்றினார். பிறகு நூற்று நாற்பதின் பின்னால் போய் நின்று கண்ணை மூடினார். மற்ற நாளைவிட நேரம் கூடவே ஆனது. உதடு அசையவில்லை. ஒயரை இழுத்து, தேதி எழுதி, அட்டையைக் கட்டினார். பதிவேட்டில் "சோதனையில் உள்ளது" என்பதை அடித்துவிட்டு "முடிந்தது" என்று எழுதினார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கே வந்துவிட்டார். குளிர்சாதனம் நிறுத்தப்பட்டிருந்தது. அத்தனை பெரிய அறையில் அவர் நாற்காலியை இழுத்த சத்தம் திரும்பி வந்தது. ஸ்வெட்டர் தேவையில்லை என்றாலும் போட்டுக்கொண்டார். கம்ப்யூட்டர் திரையில் எடைமேடையின் சீட்டுகள் வரிசையாக விழுந்துகொண்டிருந்தன. முதல் சீட்டு ஏழு இரண்டுக்கு. அடுத்தது ஏழு ஆறுக்கு. ஒன்றுகூடத் தங்கவில்லை. எட்டு மணிக்குள் பதினேழு லாரி உள்ளே போயிருந்தது. அவர் ஒவ்வொன்றாகப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்.

எட்டேகால் ஆனது. எட்டு இருபது ஆனது. தரை துடைக்கும் அம்மாள் வாளியோடு வந்து, போனைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். பிறகு மூலையிலிருந்து துடைக்க ஆரம்பித்தாள்.

அவர் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தார். லைன் உயிரோடுதான் இருந்தது. அந்த இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருந்தவருக்குச் சட்டென்று ஏதோ தோன்றியிருக்க வேண்டும். இந்த நேரம் யாராவது கூப்பிட்டால் லைன் கிடைக்காதே என்பதுபோல, ரிசீவரை அவசர அவசரமாக அதன் இடத்தில் வைத்தார்.