பெயர் போடாத அழைப்பிதழ்

விமலராஜுக்கு எபிரேய எழுத்து வாசிக்கத் தெரியாது. ஆனால் எட்டு வருடத்தில் எழுநூறு எபிரேயக் கல்யாணங்களுக்காவது அவர் கைப்பட அழைப்பிதழ் அச்சேறியிருக்கும். சிசிலியின் பலெர்மோ நகரில், வியா மக்வேதா என்ற பெருந்தெருவிலிருந்து பல்லரோ சந்தைப் பக்கம் இறங்கும் ஒரு சந்தில் இருக்கிறது அந்த அச்சகம். முதலாளி தோத்தோவுக்கு இத்தாலியன் மட்டும்தான் தெரியும். அன்ட்வெர்ப்பிலிருந்து ஓடர் அனுப்பும் ஃப்ரேடல் என்ற பெண்மணிக்கு இத்தாலியன் தெரியாது. மன்னாரில் படித்த ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு நடுவில் நிற்பவர் விமலராஜ். ஐம்பத்தேழு வயது. பெட்டி கட்ட வந்தவர், கணினியில் எழுத்தடுக்கும் வேலைக்கு உயர்ந்துவிட்டார்.

ஃப்ரேடலின் ஆட்கள் கறுப்புத் தொப்பி போடும் ஹசீதிக் யூதர்கள். ஒவ்வொரு குருவின் வழியிலும் ஒவ்வொரு குழு. குழுவுக்குக் குழு வழக்கம் வேறு. ஒரு வீட்டார் வேத வசனத்தை அழைப்பிதழில் போடவே விடமாட்டார்கள். கல்யாணம் முடிந்ததும் அட்டை குப்பைக்குப் போகும், வசனம் போகலாமா? இன்னொரு வீட்டார் போடச் சொல்வார்கள், ஆனால் வரியை வளைத்துப் போடச் சொல்வார்கள். சிலர் அம்மாமாரின் பெயரைப் போடாமல் ‘அவர் மனைவி’ என்பதோடு நிறுத்துவார்கள். சிலர், மீட்பர் அதற்குள் வந்துவிட்டால் திருமணம் எருசலேமில், வராவிட்டால் இந்த மண்டபத்தில் என்று அச்சடிப்பார்கள். விமலராஜுக்கு அந்த வரியின் மேல் ஒரு பிரியம். இறந்த தாத்தாவுக்குப் பெயரின் பின்னால் ஓர் அடையாளம், உயிரோடிருப்பவருக்கு வேறோர் அடையாளம். முதல் வருடம் உயிரோடிருந்த ஒருவரைச் சாகடிக்கப் பார்த்தார். நல்லவேளை, ஃப்ரேடல் பிடித்துவிட்டாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அவருடைய கைபேசிக்கும் ஓர் அழைப்பிதழ் வந்தது. லண்டனிலிருந்து, மகள் ஜெனுஷாவின் கல்யாணத்துக்கு. மூன்றாம் மாதம் பன்னிரண்டாம் திகதி, மாதா கோயில், மண்டபம், எல்லாம் இருந்தன. ‘சறோஜா அவர்களின் அன்பு மகள்’ என்று இருந்தது. ‘அழைப்பவர், தாய்மாமன் லூர்து’ என்று இருந்தது. விமலராஜ் என்று எங்கும் இல்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். பின்பக்கம் ஏதும் இருக்குமோ என்று மகளுக்கு எழுதத் தொடங்கி, அழித்தார்.

மனைவி சறோஜாவும் மகளும் லண்டனுக்குப் போய்ப் பதினொரு வருடம். பிள்ளை இங்கிலீஷில் படிக்கட்டும் என்பது இருவரும் சேர்ந்து எடுத்த முடிவுதான். சறோஜாவுக்கு இத்தாலியக் குடியுரிமை கிடைத்தது. அவளோடு மகளுக்கும் கிடைத்தது. விமலராஜின் விண்ணப்பம் மட்டும், இரண்டு வருட வதிவிடப் பதிவு விடுபட்டுப்போனதால், தேங்கிவிட்டது. ஒரு வருடத்தில் பின்னால் வருவதாகப் பேச்சு. விண்ணப்பம் இழுபட்டுக்கொண்டிருக்க, சட்டம் மாறி லண்டனின் கதவு மூடிக்கொண்டது. குவெஸ்தூரா என்ற பொலிஸ் அலுவலகத்துக்குப் போய், பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பித்துக்கொண்டே இருந்தார். தொலைபேசி தினமும் என்றிருந்தது ஞாயிறு என்றானது, பிறகு ஞாயிறும் சில நிமிடம் என்றானது. சண்டை என்று ஒன்றும் நடக்கவில்லை. நடந்திருந்தால் சமாதானம் பேசவாவது யாராவது வந்திருப்பார்கள்.

இலங்கைப் பாஸ்போட்டில் லண்டன் போக விசா வேண்டும். விசாவுக்கு அழைப்பு வேண்டும். அந்த அழைப்பிதழைத்தான் மூன்று கிழமையாக எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்.

மத்தியானம் பல்லரோவில் ஜோக்கிமின் மரக்கறிக் கடைக்குப் போனார். ஜோக்கிமும் மன்னார். படத்தைப் பார்த்துவிட்டு வாய் நிறையச் சிரித்தான்.

“எட விமல், ஊருலகத்துக்கெல்லாம் கலியாணக் காட் அடிக்கிறாய். உன்ரை வீட்டுக் காட்டிலை உன்னைக் காணேல்லை!”

“அது சில ஆக்களின்ரை வழக்கம்,” என்றார் விமலராஜ். “பேர் போடாமல் விடுறதும் ஒரு மரியாதைதான்.”

“ஆரின்ரை வழக்கம்? உன்ரை தொப்பிக்காறரின்ரையோ? நாங்கள் எப்ப மச்சான் தொப்பி போட்டனாங்கள்?”

பக்கத்தில் கத்தரிக்காய் தெரிந்தெடுத்துக்கொண்டிருந்த சிசிலியக் கிழவியும் விளங்கியது போலச் சிரித்தாள். விமலராஜ் ஒன்றும் வாங்காமல் வந்தார்.

அன்று கையிலிருந்த வேலை ஒரே கல்யாணத்துக்கு இரண்டு அழைப்பிதழ்கள். பெண் வீட்டார் ஒரு குழு, மாப்பிள்ளை வீட்டார் வேறு குழு. பெண் வீட்டு அட்டையில் பெண்ணின் பெயர் உண்டு. மாப்பிள்ளை வீட்டு அட்டையில் ‘மணமகள்’ என்று மட்டும், பெயர் இல்லை. எந்தச் சொல் எது என்று ஆங்கிலத்தில் குறித்து அனுப்பிய ஃப்ரேடல், இரண்டையும் பார்த்துச் சரி என்று சொல்லியிருந்தாள். வெள்ளி மத்தியானம் கூரியர் வரும்.

விமலராஜ் திரைக்கு முன்னால் வெகு நேரம் இருந்தார். பிறகு பெண் வீட்டு அட்டையிலிருந்து பெண்ணின் பெயரின் நான்கு எழுத்துகளைப் பிரதியெடுத்து, மாப்பிள்ளை வீட்டு அட்டையில், ‘மணமகள்’ என்பதை அடுத்து வைத்தார். இடம் அளவாக இருந்தது. நானூறு அட்டை அடித்தார்.

புதன்கிழமை காலை, வழக்கம்போல முதல் அட்டையின் படத்தை ஃப்ரேடலுக்கு மின்னஞ்சலில் அனுப்பினார். பத்து நிமிடத்தில் தொலைபேசி அடித்தது.

“அங்கே பெயரை வைத்தது யார்?”

“நான், மேடம்.”

“யார் உங்களைக் கேட்டார்கள்?”

“ஒருவரும் கேட்கவில்லை. வெறுமையாகத் தெரிந்தது.”

ஃப்ரேடல் கத்துகிற ஆள் இல்லை. “அது வெறுமை இல்லை. தங்கள் வீட்டுக்கு வரும் பெண்ணின் பெயரை அவர்கள் ஊரார் கையில் கொடுக்கமாட்டார்கள். பெண் வீட்டார் போடாமல் விடமாட்டார்கள். இரண்டு வீட்டாரும் நான்கு மாதம் கதைத்து இப்படி முடிவு செய்தார்கள். நான்கு மாதம்! அந்தப் பெண்ணின் அம்மா என் வீட்டில் வந்திருந்து அழுதாள். உங்களுக்கு இது தெரியாதா?”

“தெரியும்.”

“தெரிந்துமா?”

வெள்ளிக்கு முன் திருப்பி அடித்துத் தருவதாகச் சொன்னார். தோத்தோ நெற்றியில் அடித்துக்கொண்டு, கன்னி மரியாவைக் கூப்பிட்டு, புதுத்தாள் எடுத்துக் கொடுத்தான். நானூறு அட்டையையும் விமலராஜே வெட்டும் இயந்திரத்தில் வைத்துக் கீற்றுக் கீற்றாக வெட்டினார்.

வெட்டிக்கொண்டிருக்கும்போது ஒரே ஓர் எண்ணம்தான் ஓடியது. ஒரு பெயரை விடுவதற்கு அங்கே நான்கு மாதம் கதைத்திருக்கிறார்கள். அழுதிருக்கிறார்கள். லண்டனிலும் அப்படி யாராவது கதைத்திருப்பார்கள். சறோஜா கோபத்தில் விடச் சொல்லியிருப்பாள், பிள்ளை மறுத்திருப்பாள், லூர்து நடுவில் நின்றிருப்பான். அப்படியானால் பரவாயில்லை. கோபத்துக்காவது அவர் அங்கே இருந்திருக்கிறார்.

மத்தியானம், மகளுக்கு மருந்துக்கடையில் இடைவேளை விடும் நேரம் பார்த்து எடுத்தார்.

“அப்பா? இண்டைக்குப் புதன் எல்லோ. ஏதும் சுகமில்லையோ?”

“சுகமாத்தான் இருக்கிறன் பிள்ளை. காட் பாத்தனான். எழுத்து வடிவா வந்திருக்கு. ஓரம்தான் கொஞ்சம் ஒட்ட வெட்டிப்போட்டாங்கள்.”

ஜெனுஷா சிரித்தாள். “நீங்கள் அதைத்தான் பாப்பியள் எண்டு தெரியும்.”

“பிள்ளை, ஒண்டு கேக்கிறன். என்ரை பேரைப் போடுறதோ விடுறதோ எண்டு கதைச்சனீங்களோ?”

“என்ன?”

“காட்டிலை. என்ரை பேர் இல்லை. கோவிக்கேல்லை நான். கதைச்சனீங்களோ எண்டுதான் கேக்கிறன்.”

தொலைபேசியில் லண்டன் பஸ் ஒன்று கடந்து போகும் சத்தம் கேட்டது.

“இல்லையப்பா,” என்றாள். குரல் சின்னதாகிவிட்டது. “ஒருத்தரும் கதைக்கேல்லை. மாமா எழுதிக் குடுத்தவர். நான் திகதியும் கோயிலும் சரியோ எண்டு மட்டும்தான் பாத்தனான். எனக்கு… எனக்குப் பிடிபடவே இல்லையப்பா.”

விமலராஜ் வெட்டுக் கீற்று ஒன்றை விரலில் சுற்றினார். கோபம் இல்லை. வழக்கமும் இல்லை. அவர் நினைத்து வைத்திருந்த எதுவும் இல்லை.

“அம்மாவும் பாக்கேல்லையோ?”

“பாத்தவ. வடிவா இருக்கு எண்டவ.” மூக்கை உறிஞ்சினாள். “திருப்பி அடிக்கச் சொல்லட்டே?”

“எத்தினை குடுத்தாச்சு?”

“முன்னூறு போயிட்டுது.”

“அப்ப விடு. முன்னூறு வீட்டிலை ஒரு காட், மிச்ச வீட்டிலை வேறை காட் எண்டால், பிறகு சனம் அதைத்தான் கதைக்கும்.” விரலில் சுற்றிய கீற்றை அவிழ்த்தார். “எனக்கு விசாவுக்குத்தான் ஒண்டு வேணும். ரோமுக்குப் போய்க் குடுக்கவேணும்.”

“நீங்கள் வாறீங்களோ?”

அவள் குரலில் இருந்தது ஆச்சரியம் மட்டும்தான்.

“வாறதெண்டுதான் நினைச்சனான். வரட்டோ?”

“வாங்கோ அப்பா. என்ன கேள்வி இது? கோயிலுக்குள்ளை மாமாதான் என்னைக் கைபிடிச்சுக் கூட்டிக்கொண்டு வருவார், அது முந்தியே சொல்லியாச்சு. நீங்கள் முன்வாங்கிலை இருங்கோ.”

“எங்கையெண்டாலும் இருப்பன்.”

“கடிதம் நான் எழுதித் தாறன். பொறுங்கோ, பேனை எடுக்கிறன். பாஸ்போட்டிலை இருக்கிற மாதிரி முழுப்பேரையும் சொல்லுங்கோ.”

சொன்னார். எழுதிக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நிறுத்தினாள்.

“அந்தோனி? உங்களுக்கு அந்தோனி எண்டும் ஒரு பேர் இருக்கோ?”

“ஓம். ஞானஸ்நானப் பேர்.”

“எனக்குத் தெரியாதே.”

“பாஸ்போட்டிலை மட்டும்தான் இருக்கு.”

அதையும் எழுதினாள். வீட்டு விலாசம் கேட்டாள். அதுவும் அவளுக்குப் பழைய விலாசம்தான் தெரிந்திருந்தது. பிறகு பிறந்த திகதி கேட்டாள். விமலராஜ் நாள், மாதம், வருடம் என்று ஒவ்வொன்றாக, அவள் எழுதி முடிக்கும்வரை பொறுத்துப் பொறுத்துச் சொன்னார்.