எனக்குப் பெட்டி, அண்ணாவுக்குக் கிற்றார்

புதுக் கிற்றார்க் கம்பியை அரை மணித்தியாலம் அழுத்திப் பிடித்தால் விரல் நுனியில் இரும்பு மணக்கும். மூக்கு உடைந்து இரத்தம் தொண்டைக்குள் இறங்கும்போது வருவதும் ஏறக்குறைய அதே மணம்தான். இரண்டையும் நான் என் பதினைந்தாவது வயதில், ஒரே வீட்டில், ஒரே ஆளால் அறிந்துகொண்டேன். அந்த ஆள் என் அண்ணா. எங்களுக்குள் ஒன்றரை வயதுதான் வித்தியாசம் என்பதால் அண்ணா என்று கூப்பிட்டேனே தவிர, அந்தச் சொல்லுக்குரிய மரியாதை எதையும் நான் அவனுக்குக் கொடுத்ததில்லை. அவனும் தங்கச்சி என்று பார்த்து ஓங்கிய கையை இறக்கியதில்லை.

யாழ்ப்பாணத்துத் தீவுப்பக்கம், சுருவில் என்ற ஊரில் எங்கள் வீடு அடி விழும் வீடு. அம்மாவின் பூவரசந்தடி சமையல் நடக்கும் குசினியின் கதவுக்கு மேலே செருகியிருக்கும், அது முறிந்தால் அடுத்தது வேலியில் வளர்ந்துகொண்டிருக்கும். “முருங்கையை ஒடிச்சு வளர்க்கோணும், பிள்ளையை அடிச்சு வளர்க்கோணும்” என்பது அவர் வேதம். அப்பா குருநாகலில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். வருடத்தில் மூன்று நான்கு முறைதான் வருவார். வந்த மறுநாள் அம்மா எங்கள் குற்றங்களை ஒவ்வொன்றாக ஒப்புவிக்க, அவர் இடுப்புப் பட்டியைக் கழற்றி எல்லாவற்றுக்கும் மொத்தமாகத் தந்துவிட்டுப் போவார். பெரியவர்கள் கை ஓய்ந்த நேரங்களில் நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் கவனித்துக்கொண்டோம். நுள்ளிக் கிள்ளுவது, கடிப்பது, குட்டுவது, தலைமயிரைப் பிடித்துச் சுவரில் இடிப்பது என்று எல்லாம் நடக்கும். என் புருவத்தில் இருக்கும் வெட்டு அவன் எறிந்த சிரட்டையால் வந்தது, அவன் தோளில் என் பல்லின் அடையாளம் இன்றும் இருக்கும். பாவம் என்று நீங்கள் நினைக்க வேண்டாம். எங்களுக்கு அதுதான் பேச்சு, ஒரு நாள் முழுக்க அவன் அடிக்காவிட்டால் காய்ச்சலோ என்று நானே போய் அவன் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன்.

அந்த வருடம் கோவில் திருவிழாவுக்கு ஊர்காவற்றுறையிலிருந்து இசைக்குழு ஒன்று வந்தது. பக்திப் பாட்டுகளுக்கு நடுவே ஒரு மெலிந்த பொடியன் சிவப்பு நிற மின்சாரக் கிற்றாரில் ஒரே ஒரு முறை கையை ஓட்டினான். தகரத்தைக் கிழித்ததுபோல ஒரு சத்தம் எழுந்தது, முன்வரிசையில் இருந்த கிழவர்கள் காதைப் பொத்தினார்கள், நாங்கள் இருவரும் வாயைப் பிளந்து நின்றோம். எங்களைவிடப் பலமாக அடிக்கக்கூடிய ஒரு சாமானை அன்றுதான் கண்டோம். வீடு வரும்வரை இரண்டு பேரும் ஒருவரையொருவர் தொடவில்லை.

அடுத்த மூன்று மாதம் சுவிஸில் இருந்த மாமாவின் காதைத் தொலைபேசியில் இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தோம். கடைசியில் அவர் முப்பதாயிரம் ரூபாய் அனுப்பி, இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு நல்ல சாமானாக வாங்கிக் கொடுக்கும்படி அம்மாவுக்குச் சொன்னார். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் எங்கள் பக்கத்தில் “சேர்த்து” என்று யாராவது கொடுத்துவிட்டுப் போனால் அதற்குப் பின்னால் வழக்கும் வெட்டும் வருவதை வெளிநாட்டில் இருந்து மறந்துவிட்டார் போலும்.

யாழ்ப்பாணம் போக அம்மாவோடு நாங்கள் இருவரும் ஊர்காவற்றுறையிலிருந்து வரும் பஸ்ஸில் ஏறினோம். பண்ணைப் பாலம் வருமுன்பே யன்னல் கரை இருக்கைக்காக அவன் முழங்கையால் என் விலாவில் இரண்டு தரம் இடித்துவிட்டான். வாத்தியக்கடை ஒரு புடவைக்கடைக்கு மேலே மாடியில் இருந்தது. அண்ணா உள்ளே நுழைந்ததும் நெருப்புப் படம் போட்ட கறுப்புக் கிற்றார் ஒன்றைப் போய்க் கட்டிப்பிடித்துக்கொண்டான். விலை இருபத்தேழாயிரம். மிச்சக் காசுக்கு சோப்புப் பெட்டி அளவில் பற்றரியில் வேலைசெய்யும் ஒரு அம்பிளிபயர் வரும் என்றார் கடைக்காரர். எனக்கு அதைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. கோவிலில் எங்களை உலுக்கியது அந்தப் பொடியனின் காலடியில் இருந்த பெரிய பெட்டிதான் என்று நான் அன்றே கண்டுவைத்திருந்தேன். கிற்றார் எப்படி இருந்தாலும் பரவாயில்லை, பெட்டி பெரிதாக இருக்கவேண்டும் என்பது என் கட்சி.

தீர்ப்பை அம்மா சொன்னார். வாழ்நாளில் கிற்றாரைத் தொட்டிராத அம்மா அந்தக் கறுப்புக் கிற்றாரை வாங்கி, அடிப்பக்கத்தைக் கன்னத்தோடு வைத்து, ஒரு கண்ணை மூடி, அதன் கழுத்து நீளத்துக்கும் பார்த்தார். கூரைக்குப் பனஞ்சிலாகை வாங்கும்போது வளைவு பார்ப்பது அப்படித்தான். “இது கோணல்” என்று திருப்பிக் கொடுத்தார். கடைக்காரர் தானும் பார்த்துவிட்டு அதைப் பழைய இடத்திலேயே தொங்கவிட்டார். மூலையில் தவிட்டு நிறத்தில் சாதாரணமாக ஒன்று தொங்கியது. அம்மா அதையும் பார்த்தார், நேர். விலை பதினெட்டாயிரம். கழுத்தில் குறுக்காகப் பதித்த கம்பிக்கட்டைகளின் ஓரம் கையைக் கீறுகிறதா என்று தடவிப் பார்க்கவும், முறுக்கிய கம்பி இளகுகிறதா என்று சற்று நேரம் வைத்துப் பார்க்கவும் கடைக்காரரே சொல்லித் தந்தார். மிச்சம் பன்னிரண்டாயிரத்துக்கு, மூலையில் தோல் கிழிந்த பழைய அம்பிளிபயர் ஒன்று இருந்தது. பதினைந்து கிலோ வரும், உள்ளே எதிரொலிக்கென்று ஒரு ஸ்பிரிங் வைத்தது. என் கட்சி வென்ற சந்தோசத்தில் நான் அதைப் பார்த்துச் சிரித்தேன், கறுப்புக் கிற்றார் கைவிட்டுப் போன ஆத்திரத்தில் அண்ணா என்னைத் தள்ளினான், நான் போய் ஒரு ட்ரம் செற்றின் மேல் விழுந்தேன். தாளத்தட்டு உருண்டு முடியுமுன் எழும்பி அவன் முழங்கையில் கடித்தேன். அம்மா கடைக்காரருக்கு முன்னால் இரண்டு பேருக்கும் கன்னத்தில் ஒவ்வொன்று தந்துவிட்டு, அங்கேயே, நின்ற நிலையில், பங்கு பிரித்தார்.

“வீடு வளவு நாளைக்குப் பொம்பிளைப் பிள்ளைக்குத்தானே. வீட்டிலை இருக்கிற சாமான் அவளுக்கு, கொண்டு திரியிற சாமான் அவனுக்கு. பெட்டி உனக்கு, கிற்றார் அவனுக்கு. முடிஞ்சுது.”

கடைக்காரர் தயங்கித் தயங்கி, “அக்கா, இது ரெண்டும் ஒண்டில்லாமல் ஒண்டு சரிவராது” என்றார்.

“அதுதான் தம்பி நல்லது. ஒருத்தருக்கு ஒருத்தர் தேவைப்பட்டால் அடிபடமாட்டினம்.”

இதைச் சொன்ன அம்மா, தன் சொந்த அக்காவோடு ஒரு நல்லதண்ணிக் கிணற்றைப் பங்குபோட்டு, காலைத் தண்ணீர் அவவுக்கு, பின்னேரத் தண்ணீர் தனக்கு என்று எட்டு வருடமாக முகம் பார்க்காமல் அள்ளிக்கொண்டிருந்தவர். பெரியம்மாவின் வாளிக்கயிற்றை அவரே ஒருமுறை அறுத்துவிட்டிருக்கிறார். ஆனாலும் பங்கு பிரித்தால் சமாதானம் வரும் என்று நம்பினார். எங்கள் ஆட்களுக்கு அந்த நம்பிக்கை மட்டும் சாகாது.

பெட்டி என் அறையில், தையல் மெசின் மேசைக்கு மேலே ஏறியது. அவன் வாசிக்க வேண்டுமானால் என் அறைக்கு வரவேண்டும், நான் வாசிக்க வேண்டுமானால் அவன் கிற்றாரைத் தரவேண்டும். ஆளுக்கு அரை மணித்தியாலம் என்று ஒப்பந்தம் போட்டோம். முதல் கிழமையிலேயே அவன் மூன்று நிமிடம் கூட எடுத்தான் என்று நான் வயரைப் பிடுங்கினேன், பெட்டி “டப்” என்று வெடிக்க, அவன் வயரின் மறுமுனையால் என் முதுகில் கோடு போட்டான். நான் பெட்டியின் பிளக்கைக் கழற்றி அலுமாரிக்குள் பூட்டினேன். அவன் என் முறை வருமுன் கிற்றாரின் மெல்லிய கம்பியைக் கழற்றி ஒளித்தான். ஒரு பின்னேரம் கிற்றாரை இரண்டு பேரும் இரண்டு பக்கம் இழுத்ததில் அதன் தலை என் மூக்கில் அடித்தது, வெள்ளைச் சட்டை முழுக்க இரத்தம். அம்மா வந்து முதலில் இரத்தத்தைத் துடைத்தார், பிறகு தடியை எடுத்தார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அடி எனக்கு வலிக்கவில்லை. என் அரை மணித்தியாலத்தில் அந்தக் கிற்றாரிலிருந்து வந்தது பூனை வாலை மிதித்த சத்தம். அவன் அரை மணித்தியாலத்தில் பாட்டு வந்தது. யாரும் சொல்லிக்கொடுக்காமல், வானொலியில் கேட்டதை அப்படியே பிடித்து வாசிப்பான், ரோட்டால் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்திக் கேட்பார்கள். நான் வாசலில் மணிக்கூட்டைப் பார்த்தபடி நிற்பேன். அவனுக்கு வருவது எனக்கு வரவே வராது என்று எனக்குத் தெரிந்துவிட்டது, வலித்தது அந்தப் பொறாமைதான். ஒரே ஆறுதல், நான் பிளக்கைத் தராவிட்டால் அவனும் ஊமை.

அடுத்த திருவிழா நெருங்கியபோது அந்த ஊர்காவற்றுறைக் குழு அவனைத் தேடி வீட்டுக்கே வந்தது. மெலிந்த பொடியன் வெளிநாடு போய்விட்டானாம், அவன் இடத்தில் அண்ணா வாசிக்கவேண்டுமாம். அவர்கள் போனதும் அண்ணா என் அறைக்கு வந்து, பெட்டி இருந்த மேசையடியில் குந்தி, இடது கையைச் சீமெந்துத் தரையில் ஊன்றியபடி, மற்றக் கையால் வயரைச் சுருட்டத் தொடங்கினான். பெட்டிக்கு இன்னும் கரண்ட் போய்க்கொண்டுதான் இருந்தது. எத்தனை மணிக்குப் பெட்டி வேண்டும் என்று நான் கேட்டேன். கொஞ்சம் கெஞ்ச வைக்கலாம் என்று நினைத்துக் கேட்டேன்.

“அவங்களிட்டை பெரிய அம்பிளிபயர் இருக்கு. உன்ர பெட்டி இனி எனக்குத் தேவையில்லை.”

அவன் அதைச் சண்டைக்குச் சொல்லவில்லை, சந்தோசத்தில் சொன்னான். நான் இரண்டு கையாலும் பெட்டியைத் தள்ளினேன்.

அது விழுந்தபோது உள்ளே இருந்த ஸ்பிரிங் அதிர்ந்து, பெட்டி இடி இடித்ததுபோல் கத்தியது. அண்ணா கத்தவில்லை. பெட்டியின் விளிம்பு அவன் இடது கைக்கு மேலே இருந்தது. நான் அதைத் தூக்கியபோது நடுவிரலும் மோதிரவிரலும் விரல்களைப்போல இருக்கவில்லை. அம்மாவின் காலடி குசினியிலிருந்து ஓடிவருவது கேட்டது. அவன் என்னைப் பார்த்து, “நீ வாய் திறக்காதை” என்றான். அம்மாவிடம், தான் வயரை இழுத்தபோது பெட்டி விழுந்ததாகச் சொன்னான். ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரியிலும் அதையே சொன்னான், யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியிலும் அதையே சொன்னான்.

ஐந்தாம் நாள் அப்பா குருநாகலிலிருந்து வந்தார். எப்படி நடந்தது என்று கேட்டார், அவன் அதே பொய்யைச் சொன்னான். முப்பதாயிரம் ரூபாய்ச் சாமானை மாட்டை இழுப்பதுபோல் இழுத்து, கையையும் முறித்துக்கொண்டு வந்து நிற்கிறாயா என்று அப்பா பட்டியைக் கழற்றினார். அண்ணா கட்டுப்போட்ட கையில் அடி விழாமல் அதைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். முதுகிலும் தொடையிலும் விழுந்தது. நான் குசினி வாசலில் நின்றேன். நான்தான் தள்ளினேன் என்ற ஒரு வசனம் போதும், பட்டி என் பக்கம் திரும்பியிருக்கும். வாழ்நாள் முழுக்க அடிவாங்கிப் பழகிய எனக்கு அது பெரிய விசயமே இல்லை. ஆனாலும் நான் சொல்லவில்லை. களைத்துப்போய் அப்பா பட்டியை மாட்டிக்கொண்டு, “அடி உதவிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டாங்கள்” என்றார்.

கட்டு அவிழ்த்தபோது எலும்பு பொருந்தியிருந்தது, ஆனால் அந்த இரண்டு விரல்களும் மடங்கவில்லை. அவன் கிற்றாரை மடியில் வைத்துக் கொஞ்ச நேரம் முயன்றான். பிறகு என் அறைக்கு வந்து அதைப் பெட்டிக்கு மேலே சாத்திவிட்டு, “இந்தா. இனி ரெண்டும் உன்ர” என்றான். நான் ஒருநாள்கூட அதைத் தொடவில்லை, அந்த வருடம் கடலுப்போடு வீசிய சோளகக் காற்றில் ஆறு கம்பியும் துருப்பிடித்தன. அன்றிலிருந்து அவன் என்னை அடிக்கவும் இல்லை. நான் வேண்டுமென்றே நுள்ளினேன், அவன் சட்டைகளைச் சேற்றில் போட்டேன், “விசரா” என்று ரோட்டில் வைத்துக் கத்தினேன். அவன் பார்த்துவிட்டுப் போவான். அப்படி ஒரு தண்டனை இருக்கிறது என்று எனக்கு அதற்குமுன் தெரியாது.

இப்போது அந்த வீடு சீதன உறுதிப் பத்திரப்படி என் பெயரில் இருக்கிறது. பங்குக் கிணறு தூர்ந்துவிட்டது, பூவரச வேலி இருந்த இடத்தில் மதில், யாழ்ப்பாணத்து மாடிக்கடையில் கைபேசி விற்கிறார்கள். கிற்றாரையும் பெட்டியையும் அப்பா யாருக்கோ கொடுத்துவிட்டார். அவர் காலமாகும்வரை நான் அவருக்கு உண்மையைச் சொல்லவில்லை, அம்மாவுக்கும் சொல்லவில்லை. இதுதான் முதல் தடவை.

அண்ணா பிரான்சில் ஒரு பேக்கரிக்குப் பாண் ஏற்றும் வான் ஓட்டுகிறான். போன ஆவணியில் வந்தபோது முன்விறாந்தையில் கதிரை போட்டு, விருந்தாளிக்குக் கொடுப்பதுபோல் தேத்தண்ணி கொடுத்தேன். அவனும் விருந்தாளியைப்போல நன்றி சொன்னான். முற்றத்தில் என் பிள்ளைகள் இரண்டும் ஒரு மூன்றுசில்லுச் சைக்கிளுக்காகச் சண்டைபிடித்து அடிபட்டுக்கொண்டிருந்தார்கள். மகள் தம்பியின் கையில் கடிக்க, அவன் அவள் தலைமயிரைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. நான் அம்மாவின் பிள்ளைதானே, எழும்பிப் போனபோதே கை ஓங்கிவிட்டது.

“விடு. அடிபடட்டும்” என்றான் அண்ணா, என்னைப் பார்க்காமல். “அடிபடுற வரைக்கும் ரெண்டும் ஒண்டாய்த்தான் இருக்குங்கள்.”

ஓங்கிய கையோடு நான் முற்றத்தில் நின்றேன். அவன் இடது கையால் கோப்பையை எடுத்தான், அந்த இரண்டு விரல்களும் மடங்காமல் வெளியே நீட்டிக்கொண்டு நின்றன.