எங்கள் பங்குக்கு ஊருணிக் கரை

மாசி மாதம் ஒரு காலையில், குக்கரில் விசிலுக்கு மேல் விசில் வந்தும் பருப்பு வேகவில்லை. என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி, என் மதினி, ஒன்றை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தாள்.

“என்னட்டி, துவரம்பருப்பா, கூழாங்கல்லா?”

“ஊருணித் தண்ணிதான் மதினி ஊத்துனேன்.”

அதற்குப் பிறகு அவள் சிரிக்கவில்லை.

எங்கள் பக்கம் பூமிக்குள் இருப்பதெல்லாம் உப்புத் தண்ணீர். எங்கே துளை போட்டாலும் வாயில் வைக்க முடியாது. மழைத் தண்ணீர் தேங்கும் ஊருணி ஒன்றுதான் எங்களுக்கு. அதில் போட்ட பருப்பு ஒரு கொதியில் மலரும். அதனால் ஊருணிக் கரையில் செருப்புக் காலோடு ஏற மாட்டோம். கை கழுவ மாட்டோம். ஆடு மாட்டை அண்ட விட மாட்டோம். வீட்டுக்கு ஓர் ஆள் முறை வைத்துக் காவல் இருப்போம்.

அந்தக் கரையை நாங்களே தூக்கிக் கொடுத்தோம்.

வெளிநாட்டு உதவி நிறுவனம் ஒன்று வந்தது. அதோடு ஒரு தனியார் தண்ணீர் கம்பெனி. உப்புத் தண்ணீரை உறிஞ்சி, இயந்திரத்தில் நல்ல தண்ணீராக்கித் தருவார்களாம். கோடையில் ஊருணி வற்றினால் லாரிக்காகக் குடத்தோடு ரோட்டில் கிடக்கிற ஊர் இது. வேண்டாம் என்று யார் சொல்வது? கோயில் முன்னால் கூட்டம் போட்டார்கள். பணம் நிறுவனத்தின் பங்கு. இயந்திரமும் அதை ஓட்டுவதும் கம்பெனியின் பங்கு.

“நீங்க மூணாவது பங்குதாரர். உங்க பங்கா என்ன தருவீங்க?” என்று நிறுவனத்து அதிகாரி கேட்டார்.

பங்குதாரர் என்றதும் எங்கள் ஆட்களுக்குத் தலைகால் புரியவில்லை. அதுவரை எங்களை எவனும் அப்படிச் சொன்னதில்லை. ஊரில் இருப்பதிலேயே மேலான இடத்தைக் கொடுப்பதுதான் மரியாதை என்று, ஊருணிக்குத் தண்ணீர் வரும் கால்வாயின் வாயோரமாகக் கரையைக் கொடுத்தார்கள். கம்பெனிக்காரர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு ஏறிப் பார்த்தார்கள். ஊரே மயங்கிவிட்டது. இயந்திரம் கழித்துவிடும் கடும் உப்புத் தண்ணீர் எங்கே போகும் என்று கேட்டோம். பக்கத்தில் ஒரு குழி வெட்டுங்கள், போதும் என்றார்கள். வெட்டினோம்.

அது மழைக்காலம். கரிசல் நனைந்தால் களியாகி மூடிக்கொள்ளும், சொட்டுக் கசியாது. இயந்திரம் ஓடத் தொடங்கியதும், கழிவுத் தண்ணீர் குழியில் தளும்பி நின்றதை எல்லோரும் எட்டிப் பார்த்துவிட்டுத் திருப்தியாகப் போனோம். அதே மண் வெயிலில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும் என்பது இங்கே பால்குடி மறக்காத பிள்ளைக்குக்கூடத் தெரியும். தெரிந்த ஊர்தான் வாய் திறக்கவில்லை.

குடிக்க இயந்திரத் தண்ணீர், சமைக்க ஊருணித் தண்ணீர் என்று கொஞ்ச காலம் ஓடியது. பிறகுதான் அந்தப் பருப்பு.

மதினி நேரே கரைக்குப் போனாள். நான் பின்னாலேயே ஓடினேன். குழியில் பாதித் தண்ணீர்கூட இல்லை. அதிலிருந்து ஊருணிப் பக்கமாக வெடிப்புகள் ஓடியிருந்தன. இயந்திரம் உறுமிக்கொண்டு மேலும் மேலும் ஊற்றிக்கொண்டிருந்தது. ஊருணியின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு கோடு. மதினி அதைத் தொட்டு நாக்கில் வைத்து, துப்பினாள்.

கோவில்பட்டியில் இருந்த கம்பெனி ஆபீசுக்கு இரண்டு பேரும் பஸ் ஏறினோம். அங்கிருந்தவர் காபி வாங்கிக் கொடுத்தார்.

“இடமும் குழியும் உங்க பங்கும்மா. அதுல நாங்க தலையிட முடியாது. நிறுவனத்துல பேசுங்க.”

“ஏன் சார், உங்க வீட்டுல கக்கூஸ் குழிய, குடிதண்ணித் தொட்டி ஓரமாவா வெட்டியிருக்கீங்க?” என்றாள் மதினி.

“அது வேற விஷயம்மா.”

“வேறதான். அது உங்க வீடுல்லா.”

நிறுவனத்து அதிகாரிக்கு அங்கிருந்தே போன் போட்டேன். இயந்திரத்தில் இருந்து வருவதெல்லாம் கம்பெனியின் பங்கு, அவர்களையே கேளுங்கள் என்றார். கம்பெனிக்காரர் எதிரில் உட்கார்ந்து காபியை ஆற்றிக்கொண்டிருந்தார். பங்கு பிரித்தபோது எல்லாருக்கும் ஏதோ ஒன்று இருந்தது. கெட்டுப்போகிற ஊருணியை மட்டும் யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

ஊர் கூடி இயந்திரத்தை நிறுத்தினோம். கம்பெனி திரும்பிப் பார்க்கவில்லை. சித்திரையில் ஊருணி வற்றியது. அடியில் குளத்தூர்ப் பக்கத்து உப்பளம்போல வெள்ளை பூத்துக் கிடந்தது. பெண்கள் எல்லோரும் சுரண்டி அள்ளித் தூரத்தில் கொண்டுபோய்க் கொட்டினோம். அடியை ஓரளவுக்குச் சுத்தம் செய்தோம். குழியைச் சுற்றியும் கால்வாயிலும் முடியவில்லை. அள்ள அள்ள மறுபடி பூத்தது.

ஐப்பசியில் மேகம் கூடியது. எந்த வருஷமும் அதைப் பார்த்தால் ஊருக்கு உயிர் வரும். அன்றைக்கு எல்லோரும் கால்வாயைத்தான் பார்த்தோம். முதல் தண்ணீர் அத்தனை உப்பையும் கரைத்து ஊருணிக்குள் கொண்டுவந்துவிடும்.

“கால்வாய் வாய அடைங்கட்டி” என்றாள் மதினி.

“கிறுக்கு பிடிச்சிருக்கா? வார மழைத்தண்ணிய வேண்டாம்னு சொன்ன ஊரு உண்டா?” என்று என் வீட்டுக்காரர் கத்தினார்.

“இன்னைக்கு உண்டு. இந்தத் தண்ணி உப்பக் கழுவிட்டுப் போகட்டும், அடுத்த மழைக்கு வெட்டி விடுவோம். பேசாம மம்பட்டிய எடுங்க கொழுந்தனாரே.”

மண்ணைப் போட்டு மிதித்து அடைத்தோம். நல்ல மழை. கலங்கி வந்த தண்ணீர் எங்கள் அடைப்பில் முட்டித் திரும்பி, ஓடையில் விழுந்து போனது. நனைந்துகொண்டே நின்றோம். ஊருணி அடி நனைந்ததோடு சரி. இந்த மண்ணில் இரண்டாவது மழை வரும் என்று எவனும் சத்தியம் செய்ய முடியாது.

மழை விட்டது. மேகம் கலையத் தொடங்கியது. மம்பட்டியைக் கீழே வைக்காமல் அடைப்பின் மேலேயே நின்றோம்.