அஞ்சாதவர்களின் ஒட்டுத்தாடி

தொலைக்காட்சியின் சிரிப்பு நிகழ்ச்சிக்கு ஒப்பனை செய்கிறவளை நிலையத்தில் எல்லோரும் அக்கா என்றார்கள், அவளைவிட மூத்த தயாரிப்பாளர் உட்பட. அந்தத் தயாரிப்பாளருக்கு அங்கே வைத்திருந்த பெயர் ‘துணிச்சல்’. வாயைத் திறந்தால் அந்தச் சொல்தான் முதலில் விழும். நாம் எந்த மதத்துக்கும் பயந்தவர்கள் இல்லை, எல்லோரையும் ஒரே தராசில் வைத்துத்தான் கிண்டல் செய்கிறோம் என்பார்.

தராசின் லட்சணம் இதுதான். ஊரில் கணக்கில் வருகிற மதங்கள் மூன்று. முதல் மதத்தைப் பற்றி ஒருமுறை வாய் தவறியதற்கு நிலையத்தின் முன்வாசல் கண்ணாடி போயிற்று. இரண்டாவது மதத்தார் விளம்பரம் தருகிறவர்கள். அவர்கள் வீட்டு நாயைக்கூட துணிச்சல் வாங்க போங்க என்றுதான் கூப்பிடுவார். மிஞ்சியது மூன்றாவது. மனம் புண்பட்டால் உட்கார்ந்து பணிவாகக் கடிதம் எழுதுகிற ஜனங்கள். ஆகவே வாராவாரம் நிகழ்ச்சியில் திருடுவதும், திருடியதைத் தின்பதும், அகப்பட்டு அடிவாங்குவதும் மூன்றாவது மதத்தின் குருதான்.

அக்கா அந்த மூன்றாவது மதம். அதில் அவளுக்குப் பெரிய வருத்தம் இருந்ததாகச் சொல்ல முடியாது. புருஷன் போன பிறகு மகளைப் படிக்கவைத்தது தாடி ஒட்டுகிற அந்தப் பசைப்புட்டிதான். யாராவது நேரில் வந்து புகார் சொன்னால், துணிச்சல் ஒப்பனை அறைக் கதவைத் திறந்து அவளைக் காட்டுவார். மேக்கப் போடுவதே உங்கள் ஆள்தான், அவரே சிரிக்கிறார், உங்களுக்கென்ன என்பார். அக்கா சீப்பைப் பிடித்தபடி சிரித்துவைப்பாள்.

குருவாக நடிப்பவனின் தாடி நைந்துபோய், புதிதாக ஒன்று வேண்டும் என்றார்கள். வலைத்துணியில் மயிரைக் கோத்தபோது அக்காவின் நினைப்பெல்லாம் மகளின் கல்யாணத்தில் இருந்தது. கை தன் பாட்டுக்கு வேலை செய்தது. தாடியை ஒட்டி, புருவம் தீட்டி, மருவும் வைத்து முடித்து, நடிகன் கண்ணாடிப் பக்கம் திரும்பியபோதுதான் பார்த்தாள்: மோவாய்க்குக் கீழே இரண்டாகப் பிரிகிற தாடி, தொங்கிய இடது புருவம், மூக்கோரம் மரு. அவர்களுடைய வழிபாட்டுக் கூடத்துக் குரு அச்சு அசலாக உட்கார்ந்திருந்தார். வாரந்தவறாமல் எதிரே உட்கார்ந்து பார்க்கிற முகம். கை வேறு எந்த முகத்தைக் கற்றிருக்கும்? பிய்த்துப் போட்டிருக்கலாம். அதற்குள் துணிச்சல் எட்டிப் பார்த்து, இதுதான் முகம் என்று தொடையைத் தட்டிவிட்டார்.

சில வாரங்களில் அந்த முகம் பேர்பெற்றது. நிஜக் குரு கடைக்குப் போனால் பிள்ளைகள் பின்னாலேயே நடிகனின் கோணல் நடையில் வந்தார்கள். அவர் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அக்காவின் மகள்தான் சொன்னாள். அவளுக்குப் பெயர் வைத்தவர் அவர். கல்யாணத்தை நடத்திவைக்க வேண்டியவரும் அவர்தான்.

“அவரு வந்து நின்னா மாப்பிள்ளை வீட்டுல சிரிப்பாங்கம்மா. வேற யாரையாவது கூப்பிடலாம்.”

“அவர வேணாம்னு யாரு போய்ச் சொல்றது?”

“நீதான். மூஞ்சி செஞ்சது நீதானே.”

அக்காவின் அண்ணன் வழிபாட்டுக் கூடக் கமிட்டியின் செயலாளர். அவர் கொதித்தார். கொதித்தது குருவுக்காக என்று நினைத்தவர்கள் ஏமாந்தார்கள். நம்மை மட்டும் ஏன் செய்கிறான், மற்றவர்களையும் செய்யட்டும் என்பதுதான் அவர் வழக்கு. அடுத்த மதத்துக் குரு மாட்டியிருந்தால் மனிதர் டிவி முன்னாலிருந்து எழுந்திருக்கவே மாட்டார். தன் வாசல் குப்பையில் பாதியை எதிர்வீட்டில் தள்ளிவிட்டால் தெரு சுத்தமாகிவிடும் என்று நம்புகிற ரகம்.

அக்கா துணிச்சலிடம் போய், முகத்தை மாற்றிவிடுகிறேன் என்றாள். ஓடுகிற குதிரையின் காலை யாராவது ஒடிப்பார்களா என்றார் அவர். அண்ணனின் வழக்கையே கடன் வாங்கி வைத்துப் பார்த்தாள்.

“அப்ப மத்தவங்க தாடியையும் ஒரு வாரம் ஒட்டுவோம் சார். ஒரே தராசுன்னு சொல்றீங்களே.”

துணிச்சல் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். “அவங்க கோவக்காரங்க அக்கா. உங்க ஆளுங்க தங்கம். தங்கமானவங்களத்தானே கிண்டல் பண்ண முடியும்?”

அப்படியானால் நான் வரவில்லை என்றாள். அவர் பதறவில்லை, தாடி ஒட்ட ஆயிரம் பேர் கிடைப்பார்கள். நிகழ்ச்சி முடிவில் அவள் பெயர் மட்டும் எப்போதும்போல் ஓடட்டும், அதற்கு மாதாமாதம் ஏதாவது தருகிறேன் என்றார். கை வேலைக்குத்தான் கூலி என்று இத்தனை காலம் நினைத்திருந்தவளுக்கு, எதற்குக் கூலி என்று அப்போதுதான் விளங்கிற்று.

“பேர எடுத்துடுங்க சார். இல்லன்னா நானும் ஒரு லெட்டர் எழுதுவேன். பணிவா இருக்காது.”

பெயர் போயிற்று. புகார்க்காரர்களுக்குக் காட்ட ஆள் இல்லாமல் பொய்க்குருவும் கொஞ்ச நாளில் போனார். துணிச்சலின் துணிச்சல் ஊரெல்லாம் அலைந்து, நாலைந்து குடும்பம் மட்டுமே உள்ள, கடிதம் எழுதக்கூட நாதியற்ற இன்னொரு மதத்தைக் கண்டுபிடித்தது. அண்ணன் முதல் வாரமே பார்த்துவிட்டு, இப்போதுதான் நிகழ்ச்சி தரமாக இருக்கிறது என்றார்.

அக்கா வேறு குருவைத் தேடவில்லை. அதற்காக மகள்தான் கல்யாணம்வரை முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தாள். அன்று காலை குரு வந்தபோது மாப்பிள்ளை வீட்டில் ஒருவரும் சிரிக்கவில்லை. யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. தாடியை அடியோடு மழித்திருந்தார். காலமெல்லாம் வெயில் படாமல் இருந்த மோவாய், இன்னொருவருடையதை வாங்கிவந்ததுபோல் வெளுத்துச் சிறுத்திருந்தது.

அக்கா அவரைப் பக்கத்து அறைக்கு அழைத்துப்போய் ஒப்பனைப் பெட்டியைத் திறந்தாள். கொஞ்சம் பூசினால் நிறம் சேர்ந்துவிடும் என்றாள்.

அவர் அவள் கையிலிருந்த பஞ்சைப் பார்த்தார்.

“வேண்டாம்மா. உன் கை ஒரு தடவ பட்டதே போதும்.”

சொல்லிவிட்டு அவள் மகளை ஆசீர்வதிக்கப் போனார்.